தானியங்கிக் கியர் வாகனமும் எஞ்சின் தடுப்பும்

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளை நோக்கிச் செல்லும் 1,200 கிலோகிராம் திணிவுள்ள கார் ஒன்று 1,000 மீற்றர் இறங்குவதாகக் கொள்வோம். அவ்விறக்கத்தில் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 1 கோடியே 18 இலட்சம் யூல். 30 பாகை வெப்பநிலையிலுள்ள 40 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதுமானது. காற்றுத்தடையும் சில்லுகளின் உருளலும் அதில் ஒரு பங்கை ஏற்கும். மெதுவாகச் செல்லவேண்டிய வளைவுகளில் காற்றின் பங்கு அற்பமே. எஞ்சியது முழுவதையும் பிறேக்குகளே வெப்பமாக ஏற்கவேண்டுமாயின் உராய்வுப் பட்டைகள் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். பிறேக் எண்ணெயோ காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை எண்ணெய்க்கு விதிக்கப்பட்ட மிகக் குறைந்த கொதிநிலை, புதிதாயிருக்கையில் 205 பாகை. ஈரம் ஏறியபின் 140 பாகை மட்டுமே. எண்ணெய் கொதித்துக் குமிழ்கள் தோன்றினால் மிதி தளர்ந்து கீழிறங்கிவிடும். பிறேக் பிடிக்கவில்லை என்று சாரதி கூறும்போது நாம் பழுதடைந்த பாகத்தையே தேடுகிறோம்; வாகனத்தைச் செலுத்திய முறையை ஆராய்வதில்லை.

இச்சுமையைப் பகிரவல்லது எஞ்சினே. அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்ததும் பெற்றோல் எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் வழி பெரும்பாலும் அடைபடுகிறது. முசலங்கள் குறையழுத்தத்தை எதிர்த்தே காற்றை இழுக்கவேண்டியுள்ளது. இவ்வேலையும் உள்ளுராய்வும் சில்லுகளைப் பின்னிழுக்கின்றன. கியர் எவ்வளவு தாழ்ந்ததோ, அவ்வளவுக்கு எஞ்சின் விரைந்து சுழலும், தடையும் மிகும்.

ஏறிய கியரிலேயே இறங்குக என்பது பழைய சாரதிகளின் விதி. தானியங்கி முறையில் இவ்விதி மறைந்துபோகிறது. 'டி' நிலையில் கால் எடுபட்டதும், விசை தேவையில்லை எனக் கருதிப் பொறிமுறை உயர்ந்த கியருக்கு மாறிவிடும். தேவைக்கு நேர்மாறான செயல் இது! சரிவை உணர்ந்து தாழ்ந்த கியரைப் பேணும் வாகனங்கள் இன்று உள. எல்லாம் அத்தகையன அல்ல. எனவே சரிவு தொடங்குமுன் வேகத்தைக் குறைத்து, '2', 'எல்', 'எஸ்' என வாகனத்தில் உள்ள தாழ்நிலையைச் சாரதியே தெரிதல் வேண்டும். அதன்பின்னும் பிறேக்கை இடைவிடாது மிதிக்க நேரின் இன்னுமொரு படி தாழ்த்தலாம். 'என்' நிலையில் உருளவிடுவது இவ்வுதவி முழுவதையும் துறப்பதாகும்.

எஞ்சின் இரைவதால் எரிபொருள் வீணாகும் என அஞ்சுவோர் பலர். இக்கால எஞ்சின்களில் இந்நிலையில் எரிபொருட் பாய்ச்சல் பெரும்பாலும் நிறுத்தப்படுகிறது. சுற்று சிவப்பு எல்லையைத் தாண்டாதவரை எஞ்சினுக்கும் தீங்கில்லை. ஆயினும் எஞ்சினால் மட்டும் வேகம் குறையும்போது, சாதாரண வாகனங்களில் பின்விளக்கு எரியாது. பின்னால் வருவோரை எண்ணி இடையிடையே மிதியைத் தொடுவது நன்று.

1997இல் யப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் போன்ற கலப்பின வாகனங்களில் 'பி' என்றொரு நிலை உண்டு. சரிவில் மின்னோடி மின்பிறப்பாக்கியாகிக் கலத்தை நிரப்புகிறது. கலம் நிறைந்தபின் சக்தியை ஏற்க இடமில்லை. அப்போது 'பி' நிலை எஞ்சினை எரிபொருளின்றிச் சுழற்றி அச்சக்தியைச் செலவிடுகிறது. இவ்வெழுத்தின் பொருளை விளக்கும் கைந்நூல், யப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு இறக்குமதியாகும் வாகனங்களுடன் வருமாயின், யப்பானிய மொழியிலேயே வருகிறது. வாகனத்தை வாங்குபவர் அதனை வாசிக்க இயலாது. விற்பவரும் விளக்குவது அரிது. சாரதிப் பயிற்சியிலேனும் தமிழிலும் சிங்களத்திலும் இதற்கு ஒரு மணிநேரம் ஒதுக்குதல் கடினமன்று.