தொழிற்சாலை இல்லாமல் கார் செய்தவர்

அரிசி, பருப்பு, எண்ணெய் விலை நிலவரம் எழுதும் இதழில் ஒரு கார்ப் பந்தயக்காரருக்கு என்ன வேலை என்று நம் அங்கத்தினர்கள் கேட்கலாம். அமெரிக்கரான கரோல் ஷெல்பியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அவரைப் பந்தய வீரர், பிறகு கார் வடிவமைப்பாளர் என்றே சொல்கிறார்கள். 2019இல் வந்த ஆங்கிலத் திரைப்படமும் அப்படித்தான் காட்டியது. ஆனால் அவர் செய்த காரியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் நம் தொழில்தான் என்று நமக்குப் படுகிறது. நாம் மண்டியில் உட்கார்ந்து செய்வதை அவர் காரை வைத்துச் செய்தார்.

ஷெல்பி 1923இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் லீஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் தபால் துறையில் இருந்தவர். பையனுக்குச் சிறு வயதிலேயே இதயக் கோளாறு. இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. போர் முடிந்ததும் லாரித் தொழில், எண்ணெய்க் கிணற்று வேலை என்று பார்த்துவிட்டுக் கோழிப்பண்ணை வைத்தார். முதல் தடவை வளர்த்த கோழிகளில் 5,000 டாலர் இலாபம். அடுத்த தடவை நோய் விழுந்து கோழிகள் செத்துப்போய், கைமுதலும் போயிற்று. உயிருள்ள சரக்கில் முதல் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் பந்தயம். ஒரு நாள் பண்ணையிலிருந்து நேரே மைதானத்துக்குப் போனவர், உடை மாற்ற நேரமில்லாமல் கோடு போட்ட பண்ணை உடுப்போடு ஓட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பின் அந்த உடுப்பையே தம் அடையாளமாக்கிக் கொண்டார். கடைக்குப் பெயர்ப் பலகை எழுதத் தெரிந்தவர் என்று நாம் குறித்துக்கொள்ளலாம். 1959இல் பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ராய் சால்வடோரி என்பவரோடு மாறி மாறி ஓட்டி, ஆஸ்டன் மார்ட்டின் காரில் முதல் இடம் பெற்றார். மறு ஆண்டே நெஞ்சுவலி முற்றியது. நாக்கின் அடியில் மாத்திரை வைத்துக்கொண்டு சில பந்தயங்கள் ஓட்டிவிட்டு 1960இல் நிறுத்திக்கொண்டார். வயது 37.

ஓட்டுவதை நிறுத்தியவர் உடனே கார் செய்யக் கிளம்பவில்லை. குட்இயர் பந்தய டயருக்கு ஏஜென்சி எடுத்தார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றும் நடத்தினார். கடையில் ஆள் நடமாட்டம் இருந்தால்தானே யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன இல்லை என்பது காதில் விழும்?

விழுந்த செய்தி இதுதான். இங்கிலாந்தில் லண்டனுக்கு அருகே தேம்ஸ் டிட்டனில் ஏ.சி. கார்ஸ் என்ற சிறிய கம்பெனி, ஏஸ் என்னும் எடை குறைந்த இரண்டு இருக்கைக் காரைச் செய்து வந்தது. அதற்கு எஞ்சின் கொடுத்து வந்த பிரிஸ்டல் கம்பெனி 1961இல் கையை விரித்துவிட்டது. அமெரிக்காவிலோ ஃபோர்டு கம்பெனியிடம் எடை குறைந்த, எட்டு சிலிண்டர் புது எஞ்சின் ஒன்று இருந்தது. ஆனால் செவ்ரலேயின் கார்வெட்டுக்கு எதிரே நிறுத்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஒருவரிடம் பாத்திரம், ஒருவரிடம் அரிசி.

ஷெல்பியிடம் இரண்டும் இல்லை, பணமும் இல்லை. 1961 செப்டம்பரில் ஏ.சி. கம்பெனிக்கு விமானத் தபாலில் ஒரு கடிதம் போட்டார். எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தாங்கும்படி சேஸை மாற்றிக் கொடுப்பீர்களா என்று கேட்டார். ஏற்ற எஞ்சின் கிடைத்தால் சரி என்று பதில் வந்தது. இங்கே சேஸ் இருக்கிறது என்று ஃபோர்டிடம் பேசி எஞ்சினுக்கு வழி செய்தார். 1962 பிப்ரவரியில் எஞ்சின் இல்லாத முதல் கார் கலிஃபோர்னியாவுக்கு வந்து இறங்கியது. சில மணி நேரத்தில் ஒரு பட்டறையில் ஃபோர்டு எஞ்சினை ஏற்றி ஓட்டிவிட்டார்கள். 'கோப்ரா' என்ற பெயர் தமக்குக் கனவில் வந்தது என்று ஷெல்பி சொல்லுவார். அதை நாம் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

ஏப்ரலில் நியூயார்க் கண்காட்சியில் ஃபோர்டு அரங்கிலேயே அந்தக் கார் நின்றது. இனிப் பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்த்து எழுதவேண்டும். இருந்ததோ ஒரே கார். ஒரு பத்திரிகை ஓட்டிவிட்டுக் கொடுத்ததும் அதற்கு வேறு வண்ணம் அடித்து அடுத்த பத்திரிகைக்குக் கொடுத்தார். படிக்கிறவர்களுக்கு மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று கம்பெனி கார்களை அடுக்கி வைத்திருப்பதாகத் தோன்றியது. புதுக்கடை திறக்கிற அன்று முன்வரிசையில் மட்டும் சரக்கு டப்பாவை அடுக்கிப் பின்னால் காலி அட்டைப்பெட்டி வைப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இதைத் தவறென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஓட்டிப் பார்த்த கார் நிஜம். பணம் கட்டியவர்களுக்குச் சரக்கும் பிறகு வந்தது. 1967 வரை ஏறக்குறைய 1,000 கோப்ராக்கள் செய்யப்பட்டன.

ஷெல்பி எஞ்சினியர் அல்லர். அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஃபில் ரெமிங்டன் என்ற பட்டறை மேதாவியையும், கென் மைல்ஸ் என்ற ஓட்டுநரையும், பீட் பிராக் என்ற இளைஞரையும் சேர்த்து வைத்திருந்தார். மேலே திறந்த கோப்ரா, நீண்ட நேர்ப்பாதையில் காற்றை எதிர்த்துத் திணறி ஃபெராரியிடம் பின்தங்கியது. அதற்கு மூடிய பாடி ஒன்றை பிராக் வரைந்தார். பின்புறத்தை வெட்டிவிட்டது போன்ற அந்த வடிவத்தைப் பார்த்துப் பட்டறையிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். ஷெல்பி இளைஞர் பக்கம் நின்றார். 'டேட்டோனா' என்ற அந்தக் கார் ஆறுதான் செய்யப்பட்டது. 1964இல் லெ மானில் தன் பிரிவில் முதலிடம். 1965இல் அந்த வகைக் கார்களுக்கான உலகப் பட்டத்தை ஃபெராரியிடமிருந்து பறித்தது. 1966இல் ஃபோர்டு லெ மானில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த கதை திரைப்படமாகவே வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் புதுக் காரைச் சோதித்து ஓட்டுகையில் கென் மைல்ஸ் உயிரிழந்தார். பந்தய வெற்றியின் கணக்கில் இதுவும் எழுதப்படவேண்டிய பற்று.

நம் மளிகைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. மிளகாயும் மாட்டிறைச்சியும் சேர்த்து டெக்ஸாஸ்காரர்கள் சமைக்கும் 'சில்லி' என்ற குழம்புக்கு ஷெல்பி தம் பெயரிலேயே மசாலா போட்டு விற்றார். பழுப்புக் காகிதப் பையினுள் மசாலா தனி, உப்பு தனி, காரத்தூள் தனி, குழம்பைக் கெட்டியாக்கும் மாவு தனி. வீட்டில் யாருக்கு எவ்வளவு காரம் வேண்டுமோ அவ்வளவு போட்டுக்கொள்ளலாம். பின்னாளில் கிராஃப்ட் நிறுவனம் அந்தச் சரக்கை வாங்கிக்கொண்டது. அவருடைய வடிவமைப்புகளில் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பெயர் பெரிதான பிறகு நடந்தவற்றில் சில நன்றாக இல்லை. 1960களில் மிஞ்சிய சேஸ்களைக் கொண்டு முடித்த பழைய கோப்ராக்கள் என்று சொல்லி 1990களின் தொடக்கத்தில் சில கார்களை விற்கக் கொண்டுவந்தார். அந்தச் சேஸ்கள் அண்மையில் செய்தவை என்று 1993இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. பழைய அரிசி என்று சொல்லிப் புது அரிசியைக் கட்டுவது என்ன என்பது நமக்குத் தெரியும். வண்ணம் மாற்றிய காலத்தில் அவரிடம் ஒரு காராவது உண்மையாக இருந்தது. பழைய கதை என்று இதை மறைத்து அவரைப் புகழ நமக்கு விருப்பமில்லை.

பிறருடைய சேஸையோ காரையோ நம்பாமல் முதலிலிருந்து தாமே உருவாக்கியது 'சீரிஸ் 1' என்ற கார். 1999இல் வந்தது. 500 செய்வதாகத் திட்டம். சொன்ன காலத்துக்கு முடியவில்லை, அறிவித்த விலை ஏறிக்கொண்டே போயிற்று, 249இல் நின்றது. இரண்டு பேருக்கு நடுவில் நின்றபோது கிடைத்த கைராசி, தனியே நின்றபோது கிடைக்கவில்லை.

1990இல் அவருக்கு மாற்று இதயம் வைத்தார்கள். 1996இல் மகன் தந்த சிறுநீரகம். நோயுற்ற குழந்தைகளின் சிகிச்சைக்கு ஓர் அறக்கட்டளை வைத்தார். 2012 மே மாதம் 89ஆம் வயதில் காலமானார். பத்திரிகைக்குப் பத்திரிகை வண்ணம் மாறிய அந்த முதல் கோப்ராவை மட்டும் அவர் கடைசிவரை விற்கவில்லை. 2016 ஆகஸ்டில் அது ஏலத்துக்கு வந்தபோது 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அதற்கு முன் எந்த அமெரிக்கக் காரும் ஏலத்தில் அவ்வளவு விலைக்குப் போனதில்லை.