கடல் கடந்த சமயத்தொண்டும் இல்லறத்தார் ஆயத்தமும்

முன்னுரை

தமிழுக்குத் தொண்டாற்றிய மேலைநாட்டாரைப் பற்றிக் கூறும் இலக்கிய வரலாற்று நூல்கள் அவர்தம் படைப்புகளையே முதன்மையாக எடுத்துரைக்கின்றன. வீரமாமுனிவரின் சதுரகராதியும், சீகன்பால்கு அச்சேற்றிய புதிய ஏற்பாடும், கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும், போப்பின் மொழிபெயர்ப்புகளும் பலரால் ஆராயப்பெற்றவை. ஆயின், இத்தகையோர் தம் நாட்டை விட்டுப் புறப்படுமுன் எவ்வாறு ஆயத்தமாயினர், எவற்றைக் கற்று வந்தனர், எவற்றைக் கல்லாது வந்தனர் என்னும் வினா அத்துணை விரிவாக எழுப்பப்பெறவில்லை. தனியராக வந்தோரைப் பற்றியேனும் சில செய்திகள் கிடைக்கின்றன. மனைவி மக்களுடன் வந்தோரைப் பற்றி ஆராய்வார் மிகச் சிலரே.

இவ்வினா வெறும் வாழ்க்கை வரலாற்று வினா அன்று. தமிழ் அகராதிக்கலை, உரைநடை, பெண்கல்வி ஆகியவற்றின் வரலாற்றோடும் தொடர்புடையது. 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவினின்றும் யாழ்ப்பாணத்திற்கு வந்த குடும்பங்களைச் சான்றாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

1. துறவியரும் இல்லறத்தாரும்

கிறித்தவ சமயத்தொண்டர் தமிழகம் வந்த வரலாற்றில் இருவகை மரபுகளைக் காணலாம். ஒன்று துறவியர் மரபு. 1606இல் மதுரை வந்த தத்துவ போதகரும், அடுத்த நூற்றாண்டில் வந்த வீரமாமுனிவரும் இயேசு சபைத் துறவியர். தம் சபைத் தலைவரின் ஆணைக்கு அடங்கி வந்தவர். மனையும் மக்களும் இல்லாதவர். அவர்தம் ஆயத்தம் சபையின் நெடுநாட் பயிற்சியே.

மற்றொன்று இல்லறத்தார் மரபு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு மணமாகாதவராகவே வந்தார். பத்தாண்டு கழித்து, 1716இல், மணம் புரிந்தார். குடும்பமாகவே கடல் கடத்தல் என்னும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிற்று. 1810இல் தோன்றிய அமெரிக்கன் போர்டு என்னும் சங்கம் பெரும்பாலும் மணமானவரையே அனுப்பிற்று. எனவே, தொண்டுக்கெனத் தம்மை ஒப்புவித்த இளைஞர் கப்பலேறுமுன் தமக்கேற்ற துணைவியைத் தேடவேண்டியவராயினர். 1812இல் அச்சங்கத்தின் முதற்குழுவில் புறப்பட்ட அதோனிராம் ஜட்சன், தாம் மணக்க விரும்பிய ஆன் ஆசெல்டைன் என்பாரின் தந்தைக்குக் கடிதம் எழுதி, மகளை இவ்வுலகில் இனி ஒருகாலும் காணாதபடி பிரிய உடன்படுவீரோ என வெளிப்படையாகவே கேட்டார். பெற்றோரின் உடன்பாடு மணத்திற்கு மட்டுமன்றி, மீளாப் பிரிவுக்கும் வேண்டியதாயிற்று.

இங்ஙனம் வந்த மகளிர்க்குச் சங்கத்தின் ஏடுகள் அளித்த பெயர் ‘உதவித் தொண்டர்’ என்பதே. ஆயினும் அவர்கள் ஏற்ற பொறுப்பு கணவர் ஏற்றதினும் சிறிதன்று என்பது பின்னர் விளங்கும்.

2. உள்ளத்து ஆயத்தம்

ஜான் ஸ்கடர் 1793இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் பயின்று, நியூயார்க்கில் மருத்துவம் கற்று, அந்நகரிலேயே தொழில் நடத்தியவர். 1816இல் ஹாரியட் வாட்டர்பரி என்பாரை மணந்தார். நோயாளி ஒருவர் இல்லத்தில் காத்திருந்தபோது ஒரு சிறுநூல் அவர் கண்ணிற் பட்டது. பம்பாயில் தொண்டாற்றிய கார்டன் ஆல், சாமுவேல் நியூவெல் என்னும் இருவர் எழுதிய அந்நூல், அறுபது கோடி மக்களுக்குக் கிறித்தவச் செய்தி சென்று சேரவில்லை என முறையிடுவது. அதனைப் படித்ததே அவர் வாழ்வின் திருப்பம் ஆயிற்று.

இதனை ஒரு நொடியில் நிகழ்ந்த மாற்றமாகக் கொள்ளுதல் பொருந்தாது. வளர்ந்துவந்த தொழிலைக் கைவிடல், மனைவியின் உடன்பாட்டைப் பெறுதல், தந்தையின் எதிர்ப்பைத் தாங்குதல் ஆகிய மூன்றும் அவர் முன் நின்றன. தந்தையார் மகனின் முடிவை ஏற்கவில்லை. மனைவி ஹாரியட்டோ உடன்பட்டார். கணவன் பெற்ற அழைப்பைத் தன் அழைப்பாகவும் மனைவி உணர்ந்தாலன்றி இத்தகைய குடும்பம் புறப்படுதல் இயலாது. உள்ளத்து ஆயத்தம் எனப்படுவது வேண்டுதலும் வேதப்பயிற்சியும் மட்டுமன்று. இருவர் உள்ளம் ஒரு முடிவிற்கு வருதலும் அதனுள் அடங்கும்.

அவரோடு ஒரே கப்பலில் வந்த ஹாரியட் வின்சுலோவின் வரலாறும் இதனை வலியுறுத்தும். கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரில் 1796இல் பிறந்த இவ்வம்மையார், 1819ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைரன் வின்சுலோவை மணந்து, சில திங்களில் கப்பலேறினார். பின்னாளில் அவர்தம் உடன்பிறந்த மகளிரும் அவர் சென்ற வழியே யாழ்ப்பாணம் சேர்ந்தனர். ஒரு வீட்டில் தொடங்கிய ஆயத்தம் அவ்வீட்டின் மரபாகவே ஆகிவிட்டமை கருதத்தக்கது.

3. பொருள் ஆயத்தமும் கடற்செலவும்

1819 ஜூன் 8ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தினின்றும் ‘இண்டஸ்’ என்னும் பாய்மரக் கப்பல் புறப்பட்டது. ஸ்கடர், வின்சுலோ, ஸ்பால்டிங், வுட்வர்டு என்னும் நால்வரும் அவர்தம் மனைவியரும், ஸ்கடரின் சிறு மகளும் அதிற் சென்றனர். கல்கத்தாவை அடைந்தது அக்டோபர்த் திங்களில். அங்கிருந்து இலங்கை செல்ல மேலும் பல வாரங்கள் ஆயின.

வீட்டிற்குக் கடிதம் எழுதி மறுமொழி பெற ஓராண்டிற்கு மேலும் ஆகலாம் என்னும் நிலையில், வேண்டுவன எல்லாவற்றையும் உடன்கொண்டே செல்லவேண்டும். துணிமணி, மருந்து, அறுவைக் கருவி, புத்தகம், வீட்டுப் பண்டம் என அனைத்தும் பல ஆண்டுகட்குப் போதுமாறு கணக்கிடப்பெற்றன. திருச்சபை மகளிர் கூடித் தைத்துக் கொடுத்த ஆடைகளும், சபைகள் திரட்டிய காணிக்கையும் இப்பயணங்கட்குத் துணையாயின. எனவே, ஒரு குடும்பத்தின் ஆயத்தத்தில் ஊரின் ஆயத்தமும் கலந்திருந்தது எனலாம்.

ஆயின், கணக்கிட இயலாதவை முன்னே நின்றன. கல்கத்தாவில் இறங்கிய சின்னாட்களிலேயே ஸ்கடரின் மகள் நோயுற்று இறந்தாள். தந்தை மருத்துவராயிருந்தும், கொண்டுவந்த மருந்துப் பெட்டி அம்மகவைக் காக்கவில்லை. அடுத்து அரசியல் தடை ஒன்றும் எழுந்தது. 1820இல் வந்த அச்சுப் பணியாளர் காரெட் என்பாரை இலங்கையில் தங்க ஆங்கில அரசு இசையவில்லை. 1833 வரை அத்தடை நீடித்தது. புதிய அமெரிக்கத் தொண்டர் எவரும் துணைக்கு வர இயலவில்லை. வந்திருந்த சில குடும்பங்களே பதின்மூன்றாண்டுக் காலம் முழுச் சுமையையும் தாங்கவேண்டியதாயிற்று.

4. கல்லாது வந்தது

வின்சுலோ, ஸ்பால்டிங் ஆகியோர் ஆண்டோவர் இறையியற் கல்லூரியில் பயின்றோர். அங்கே எபிரேயமும் கிரேக்கமும் கற்பிக்கப்பெற்றன. தாம் எம்மக்களிடை வாழச் சென்றனரோ அம்மக்களின் மொழியாகிய தமிழை அவர்கள் அங்கே கற்றாரல்லர். மனமும் பெட்டியும் நிறைந்திருந்தன. நா மட்டும் வெறுமையாயிருந்தது. சீகன்பால்கும் இந்நிலையிலேயே வந்து, திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு மணலில் எழுதித் தமிழ் பயின்றார் என்பது யாவரும் அறிந்தது.

எனவே, ஆயத்தத்தின் தலையாய பகுதி கரையேறிய பின்னரே தொடங்கிற்று. அதனை நிறைவேற்றியோர் இந்நாட்டுப் புலவரும், பள்ளி மாணாக்கரும், வீட்டு வேலையாட்களும், மருத்துவமனைக்கு வந்த நோயாளரும் ஆவர். ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவமனை நிறுவினார். நோயாளி தன் உடலின் நோவைச் சொல்லும் தமிழ் புலவரிடம் பாடங்கேட்கும் தமிழன்று. ஹாரியட் வின்சுலோ 1824இல் உடுவிலில் பெண்களுக்கென உறைவிடப் பள்ளி தொடங்கினார். பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கமில்லாத அக்காலத்தில், தாய்மாரிடம் சென்று பேசி இசைவிக்க வேண்டிய மொழி அடுக்களைத் தமிழும் முற்றத்துத் தமிழுமே ஆகும்.

செந்தமிழ், கொடுந்தமிழ் என்னும் இருவழக்கையும் பிரித்துணர்ந்து இருவகை இலக்கணம் செய்த பெருமை வீரமாமுனிவர்க்கே உரியது. துறவியாகிய அவரும் உலக வழக்கை நன்கு அறிந்திருந்தார். ஆயினும் இல்லறத்தாராக வந்தோர்க்கு உலக வழக்கு ஆராய்ச்சிப் பொருளாக மட்டும் அமையவில்லை. நாள்தோறும் அது வேண்டியிருந்தது. இத்தேவையின் பயனை வின்சுலோ அகராதியிற் காணலாம். 1862இல் சென்னையில் வெளிவந்த அப்பேரகராதி, உயர்தமிழும் வழக்குத்தமிழும் ஆகிய இரண்டற்கும் உரியது எனத் தன் தலைப்பிலேயே கூறிக்கொள்கிறது. அறுபத்தேழாயிரத்திற்கு மேற்பட்ட சொற்கள் அதில் இடம்பெற்றன.

அவ்வகராதி ஒருவர் படைப்பன்று. அதற்குரிய சொற்றொகுப்பை முன்னர்த் தொடங்கியவர் நல்லூரில் தொண்டாற்றிய ஆங்கிலேயராகிய ஜோசப் நைட். பின்னர் உழைத்தோர் பலர். துரூ என்பாரோடு திருக்குறட் பதிப்பில் உழைத்த இராமாநுசக் கவிராயர் வின்சுலோவிற்கும் துணைபுரிந்தார். அட்டையில் ஒரு பெயரே நிற்பினும், அப்பெயருடையாரை அப்பணிக்கு ஆயத்தம் செய்தவர் தமிழாசிரியரே என்பதை மறத்தல் ஆகாது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் இதனை மேலும் ஒருபடி உயர்த்தினார். மானிப்பாயில் மாணாக்கர்க்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, உடற்கூற்று நூல் முதலியவற்றைத் தமிழாக்கினார். கலைச்சொற்கள் பலவற்றைத் தொகுத்தார். கல்லாது வந்த மொழியே ஈற்றில் கற்பிக்கும் மொழியாயிற்று.

5. மக்களின் பிரிவும் மீட்சியும்

குடும்பமாக வந்தோர் எதிர்கொண்ட கொடிய வினா ஒன்றுண்டு: இங்குப் பிறந்த மக்களை எங்கு வளர்ப்பது? தட்பவெப்பமும் நோயும் அஞ்சத்தக்கன, உயர்கல்விக்கும் வழியில்லை. எனவே, பத்து வயதளவில் மக்களை அமெரிக்காவிற்கு அனுப்பும் வழக்கம் எழுந்தது. வின்சுலோவின் மகன் சார்லசு 1821இல் யாழ்ப்பாணத்திற் பிறந்தவன். அவன் இங்ஙனம் அனுப்பப்பெற்று, 1832இல் அமெரிக்க மண்ணில் இறந்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில் தாயும் உடுவிலில் மறைந்தார். புறப்படுமுன் பெற்றோரைப் பிரிய ஆயத்தமாயிருந்தவர், மக்களைப் பிரியவும் ஆயத்தமாயிருந்தாரோ எனின், அதற்கு எந்தச் சங்கமும் பயிற்சி அளிக்கவில்லை என்றே விடை கூறவேண்டும்.

ஆயின், அனுப்பப்பெற்ற மக்களிற் சிலர் மீண்டும் வந்தனர். பண்டத்தரிப்பில் 1822இல் பிறந்த என்றி மார்ட்டின் ஸ்கடர், அமெரிக்காவில் பயின்று 1844இல் சென்னைக்குத் திரும்பினார். தந்தை முப்பதாம் வயதை நெருங்கும்போது கேட்கத் தொடங்கிய தமிழொலி மகனுக்கு மழலைப் பருவத்திலேயே பழகியது. அவரும் உடன்பிறந்தாரும் 1853இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். காஞ்சிபுரத்திற்கு மேற்கே பாலாற்றங்கரையிலுள்ள ஆர்க்காட்டையும் அதன் சூழலையும் களமாகக் கொண்ட அம்முயற்சியின் வழியில், அக்குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையினராகிய ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் மருத்துவம் கற்று 1900இல் மீண்டு, வேலூரில் மருத்துவமனை கண்டார்; 1918இல் பெண்களுக்கென அங்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். முதல் தலைமுறையில் குறைபட்ட ஆயத்தம் பின்வந்த தலைமுறைகளில் நிறைவுற்றது எனல் பொருந்தும்.

6. தமிழ்க் குடும்பங்களின் புறப்பாடு

தமிழர் தாமும் இவ்வாறு புறப்பட்டதுண்டு. யாழ்ப்பாணக் கிறித்தவ மாணாக்கர் சங்கம் ஒன்று கண்டு, கடல் கடந்து தொண்டிப் பகுதிக்குத் தொண்டரை அனுப்பினர். 1902இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அதனைக் கண்டு ஊக்கமுற்றார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. இந்தியர் பொருளாலும் இந்தியர் ஆட்சியாலும் இந்தியத் தொண்டரையே அனுப்புதல் அதன் கொள்கை. அச்சங்கம் தேர்ந்த களம் நிசாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். கடல் இடையில்லை எனினும், மொழி வேறு.

1909இல் அசரியா தம் மனைவி அன்பு மாரியம்மாளோடும் மக்களோடும் அங்குக் குடியேறினார். தொடக்கத்தில் கூடாரமே மனை. முப்பத்தைந்து வயதளவில் தெலுங்கை நெடுங்கணக்கிலிருந்து கற்றார். யாழ்ப்பாணத்தில் வின்சுலோ குடும்பம் தமிழுக்கு முன் நின்ற நிலையில், இத்தமிழ்க் குடும்பம் தெலுங்குக்கு முன் நின்றது. மறு ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மாநாட்டில் மேலைநாட்டுத் தொண்டரின் ஈகையைப் போற்றிய அசரியா, இந்நாட்டார் அவர்களிடம் வேண்டுவது நட்பு என்று வெளிப்படக் கூறினார். அயல்மொழியாரிடைத் தாமும் தொண்டராகச் சென்றவர் கூறியமையின் அச்சொல் தனி மதிப்புடையது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். உள்ளத்து ஆயத்தமும் பொருள் ஆயத்தமும் புறப்படுமுன் நிறைவேறின. மொழி ஆயத்தமோ வந்த நாட்டாரின் உதவியாலேயே நிறைவேறிற்று. குடும்பமாக வந்தமையால் உலக வழக்குத் தமிழ் மேலைநாட்டார் கல்வியில் சிறப்பிடம் பெற்றது. அதற்கு மகளிர் ஆற்றிய பங்கு பெரிது. மூன்றாவதாக, கற்பிக்க வந்தோர் கற்போராகவும் நின்றமையின், அவ்வுறவின் பயன் அவர்கள் எண்ணிய எல்லையைக் கடந்து சென்றது.

இம்மூன்றாவது கருத்திற்கு வட்டுக்கோட்டைச் செமினரியே சான்று. 1823இல் இவ்வமெரிக்கர் நிறுவிய அக்கல்லூரியில் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியருள் ஒருவரானார். அவர் சைவராகவே விளங்கினார். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். கிறித்தவம் பரப்ப ஆயத்தமாகி வந்த குடும்பங்கள், பழந்தமிழ் நூல்களின் மறுபிறப்பிற்கும் தாம் அறியாமலே ஆயத்தம் செய்தன. அக்குடும்பங்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் சமய வரலாற்றிற்கு மட்டும் உரியனவாகக் கருதாது, தமிழ் வழக்காற்றின் சான்றுகளாகவும் ஆராய்தல் இளம் ஆராய்ச்சியாளர் கடன் ஆகும்.