வரைபடம் இல்லாத கப்பல்கள்

கப்பல் கட்டணும்னா முதல்ல வரைபடம், அப்புறம்தான் மரம்னு நாம நினைப்போம். 17-ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாம் தச்சர்கள் அப்படிச் செய்யவில்லை. வரைபடம் இல்லாமலே ஆசியா வரை போய்வரும் கப்பல்களைக் கட்டினார்கள். எப்படி?

நிக்கோலாஸ் விட்சன் 1671-ல் வெளியிட்ட கப்பல் கட்டுமான நூலில் இதற்கு விடை இருக்கிறது. அவர் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 134 அடி நீளம், 29 அடி அகலம், 13 அடி ஆழமுள்ள 'பினாஸ்' வகைக் கப்பல். (ஆம்ஸ்டர்டாம் அடி நம்ம அடி இல்லை. சுமார் 28.3 செ.மீ., அதுக்கு 11 அங்குலம்தான்!) நீளத்தை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் விகிதக் கணக்கு. நீளத்தில் ஒவ்வொரு 10 அடிக்கும் 1 அங்குலம் என்பது முகப்புக் கட்டையின் கனம். அப்படின்னா இந்தக் கப்பலுக்கு 13 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. பல மரங்களின் கனத்தை இந்த அளவிலிருந்தே கணக்குப் போட்டார்கள்.

சரி, வளைவு எங்கிருந்து வந்தது? அங்கேதான் சுவாரசியம். முதலில் ஏரா எனப்படும் அடிக்கட்டை, முன்னும் பின்னும் நிற்கும் கட்டைகள். பிறகு விலாச் சட்டம் எதுவும் வைக்காமலே அடிப்பலகைகளைச் சேர்ப்பார்கள். பலகைகள் நகராமலிருக்கத் தற்காலிகமாகக் குறுக்குக் கட்டைகளை ஆணியடித்துப் பிடிப்பார்கள். அடிப்பகுதி உருவான பிறகுதான் சட்டங்கள் உள்ளே போகும். குறுக்குக் கட்டைகளை எடுத்தபின் ஆணி ஓட்டைகளைச் சின்ன மரமுளைகளால் அடைத்துவிடுவார்கள். மூழ்கிய கப்பல்களில் இந்த முளைகளைப் பார்த்துத்தான் தொல்லியலாளர்கள் இம்முறையை அடையாளம் காண்கிறார்கள்.

நெதர்லாந்து முழுக்க இப்படித்தான்னு நினைச்சுடாதீங்க. ரோட்டர்டாம் பக்கம் சில சட்டங்களை முதலில் நிறுத்திவிட்டுப் பலகை அடித்தார்கள். 1697-ல் கார்னெலிஸ் வான் எய்க் எழுதிய நூல் அந்த முறையை விளக்குகிறது.

அதே 1697-ல் ரஷ்ய மன்னர் பீட்டர் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளத்தில் தச்சு வேலை கற்றார். ஏற்பாடு செய்து கொடுத்தவர் நம்ம விட்சன்தான். ஆனால் மன்னருக்கு ஏமாற்றம். கப்பலின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டும் முறை அங்கே கிடைக்கவில்லை. அதைத் தேடி 1698-ல் இங்கிலாந்து போனார். 1727-ல் ஆம்ஸ்டர்டாம் கடற்படை நிர்வாகமே ஆங்கிலேயக் கப்பல் தச்சர்களை வேலைக்கு அமர்த்தியது.

அப்போ டச்சுக்காரர்களுக்கு வடிவியல் தெரியாதா? எனக்கு அப்படித் தோணலை. அவர்களின் வடிவியல் விகிதத்திலும், பலகை வளைவைப் பார்த்தே சரிசெய்யும் கண்ணிலும் இருந்தது. வேலை வேகமாக நடந்தது. சிக்கல் என்னன்னா, அந்தக் கண்ணை இன்னொரு ஊருக்கு அனுப்ப முடியாது. ஒரு நல்ல கப்பலை அச்சு அசலாகத் திரும்பக் கட்டுவதும் கஷ்டம். காகிதம் ஜெயித்தது அந்த இடத்தில்தான்.