விலை 13 மடங்கு. படம் எத்தனை மடங்கு?

சில மாதங்களுக்கு முன்பு, என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் மகனுடன் வீட்டுக்கு வந்திருந்தார். சிறுநகரம் ஒன்றில் முப்பது ஆண்டுகளாகப் புகைப்பட நிலையம் நடத்தி வருபவர் அவர். இப்போது தொழிலைக் கவனித்துக்கொள்ளும் மகன், தொழில்முறைக் கலைஞர்கள் பயன்படுத்தும் உயர்தர மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்க விரும்புகிறார். விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். அதற்கான கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்திட வேண்டும் என்பதே அவர்கள் வந்த நோக்கம்.

"ஐம்பதாயிரம் ரூபாய் அளவிலும் கேமரா கிடைக்கிறதே, அதில் படம் நன்றாக வராதா?" என்று கேட்டேன். "வரும் சார். ஆனால், எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது" என்றார் அந்த இளைஞர். "எப்போதும்" என்ற அந்த ஒரு சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு, இருவகைக் கேமராக்களையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில், லென்ஸ் வழியே நுழையும் ஒளியை உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பி, படமெடுப்பவரின் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தும்போது அக்கண்ணாடி உயர்ந்து ஒளிக்கு வழிவிடும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. ஒளி நேரடியாக சென்சார் மீது விழ, அது காண்பதையே சிறு மின்னணுத் திரையில் நாமும் காண்கிறோம். 2018-இல் கேனன், நிக்கான் ஆகிய நிறுவனங்களும் ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமராக்களை வெளியிட்ட பிறகு, தொழில்முறைக் கலைஞர்களிடையே இவ்வகை பரவலாயிற்று.

ஒப்பீட்டுக்கு ஒரே நிறுவனத்தின் இரு முனைகளை எடுத்துக்கொள்வோம். கேனன் 2023-இல் அறிமுகப்படுத்திய ஆர்100 தொடக்கநிலைக் கேமரா. அமெரிக்காவில் லென்ஸ் இல்லாமல் அதன் அறிமுக விலை ஏறத்தாழ 480 டாலர். 2024-இல் அறிமுகமான ஆர்1 அந்நிறுவனத்தின் உச்சநிலைக் கேமரா. அறிமுக விலை ஏறத்தாழ 6,300 டாலர். அதாவது, 13 மடங்கு.

முதல் வியப்பு இங்கேதான். இரண்டு கேமராக்களும் பதிவு செய்யும் படத்தில் உள்ள புள்ளிகள் ஏறக்குறைய ஒரே அளவு: 24 மெகாபிக்ஸல். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால், இரண்டிலிருந்தும் 20 அங்குல அகலமுள்ள படம் கிடைக்கும். நல்ல பகல் வெளிச்சத்தில், அசையாமல் நிற்கும் ஒருவரை இரண்டிலும் எடுத்துக் கைப்பேசித் திரையில் காட்டினால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்வது பெரும்பாலோருக்கு அரிது.

அப்படியானால் அந்த 13 மடங்கு எதற்கு? வெளிச்சம் குறையும்போதும், உருவம் அசையும்போதும்தான் விடை தெரிகிறது. ஆர்1-இன் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். ஆர்100-இன் சென்சாரைவிடப் பரப்பில் ஏறத்தாழ 2.6 மடங்கு பெரிது. பரப்பு கூடினால் திரளும் ஒளி கூடும். மங்கிய மண்டபத்திலும் படத்தில் புள்ளி புள்ளியான கறை குறையும். ஆர்1 விநாடிக்கு 40 படங்கள் வரை எடுக்கும். நகரும் உருவத்தைக் குவியம் தவறாமல் தொடர்ந்தபடி ஆர்100 எடுக்கக்கூடியது விநாடிக்கு 3.5 படங்கள் மட்டுமே. ஆர்1-இல் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு கேமராவுக்குள்ளேயே உண்டு. மழையையும் தூசியையும் தாங்கும் கட்டமைப்பும் உண்டு. ஆர்100-இல் இவை இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, விளம்பரங்களில் அதிகம் பேசப்படாதது. ஆர்1-இல் இரண்டு மெமரி கார்டுகளைச் செருகலாம். ஒவ்வொரு படத்தையும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியலாம். ஆர்100-இல் ஒரு கார்டுக்கு மட்டுமே இடம். அந்தக் கார்டு பழுதானால், ஒரு குடும்பத்தின் திருமணப் படங்கள் அனைத்தும் போயின.

ஆக, கூடுதல் விலை வாங்கித் தருவது கூடுதல் அழகை அல்ல. தவறிவிடாது என்னும் உறுதியை. பொருளியல் மொழியில் சொன்னால், அது காப்பீட்டுக்குச் செலுத்தும் சந்தா போன்றது. 100 மீட்டர் ஓட்டம் பத்து விநாடிகளில் முடிந்துவிடும். தாலி கட்டும் நேரமும் அவ்வளவுதான். "இன்னொரு முறை கட்டுங்கள்" என்று மணமகனிடம் கேட்க முடியாது. திரும்பி வராத கணங்களைப் பதிவு செய்து கொடுப்பதே தொழிலாக உள்ளவருக்கு அந்த உறுதி ஆடம்பரம் ஆகாது. மகனின் ஆசையை வெறும் பகட்டு என்று முதலில் எண்ணிய நான், என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

இருப்பினும், காப்பீடு நல்லது என்பதால் எந்தச் சந்தாவையும் கட்டிவிடலாம் என்று ஆகாது. இங்கேதான் இறுதிநிலைப் பயன் குறித்த கணக்கு உதவுகிறது. இரு முனைகளுக்கும் இடையில், 2022-இல் அறிமுகமான ஆர்6 மார்க் 2 என்ற கேமரா இருக்கிறது. அறிமுக விலை ஏறத்தாழ 2,500 டாலர். அதிலும் பெரிய சென்சார், 24 மெகாபிக்ஸல், இரண்டு கார்டுகளுக்கான இடம், கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு எல்லாம் உண்டு. 480 டாலரிலிருந்து 2,500 டாலருக்கு ஏறும்போது ஒரு திருமணப் படக்கலைஞருக்குத் தேவையான பாதுகாப்பில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. அதற்கு மேல் தரும் 3,800 டாலர், முதன்மையாக மின்னல் வேகத்தில் ஓடும் உருவங்களைச் சிதைவின்றிப் பதியும் சென்சாருக்கும், போர்க்களத்திலும் புயலிலும் உழைக்கும் உறுதிக்கும் ஆனது. விளையாட்டுச் செய்திப் படக்கலைஞருக்கு அது பயன்தரும். மணமேடையில் யாரும் ஓடுவதில்லை.

தொடக்கநிலைக் கேமராவில் சில வசதிகள் இல்லாததற்குச் செலவு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. விலை குறைந்த கைப்பேசியிலும் இருக்கும் தொடுதிரை ஆர்100-இல் இல்லை. பிரெஞ்சுப் பொறியாளரும் பொருளியல் சிந்தனையாளருமான ஜூல் டுபுயி, மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளுக்குக் கூரை இல்லாதது பற்றி 1849-இலேயே எழுதினார். கூரை போடும் செலவுக்கு அஞ்சி நிறுவனம் அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் வகுப்புக் கட்டணம் தரக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு செய்தது என்பது அவர் கண்ட உண்மை. கேமராவின் குறை சில நேரங்களில் நம்மை அடுத்த படிக்கு ஏற்றுவதற்கான ஏற்பாடு. வாங்குபவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

உடனே கேமராவை மாற்றத்தான் வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்100-உடன் வழங்கப்படும் சாதாரண லென்ஸின் திறப்பு, 45 மில்லிமீட்டர் முனையில் எஃப் 6.3. அறிமுகத்தின்போது 200 டாலர் விலையிருந்த 50 மில்லிமீட்டர் லென்ஸின் திறப்பு எஃப் 1.8. கணக்கிட்டால், பின்னது முன்னதைவிட ஏறத்தாழ 12 மடங்கு ஒளியை சென்சார் மீது விழச் செய்கிறது. பெரிய சென்சார் தரும் 2.6 மடங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த லென்ஸ் ஆர்100, ஆர்1 இரண்டிலுமே பொருந்தும். கேமரா உடல் புதிய மாதிரிகளின் வரவால் விரைவில் மதிப்பிழக்கும். நல்ல லென்ஸ் அடுத்த கேமராவுக்கும் உடன் வரும். எனவே, குறைந்த முதலீடு உள்ளவர் முதலில் செலவிட வேண்டியது லென்ஸுக்குத்தான்.

இதையெல்லாம் சொன்னபோது இளைஞர் ஒரு நியாயமான மறுப்பை முன்வைத்தார். "திருமண வீட்டார் முதலில் கேட்பதே என்ன கேமரா என்றுதான் சார்." உண்மைதான். கலைஞரின் திறமையை முன்கூட்டியே அளக்க வாடிக்கையாளரிடம் கருவி இல்லை; ஆகவே, கண்ணுக்குத் தெரியும் கேமராவை அளவுகோலாகக் கொள்கிறார். தகவல் சமமாக இல்லாத சந்தையில் இத்தகைய அடையாளங்கள் எப்படிச் செயல்படுகின்றன என்பதை 1973-இல் விளக்கிய மைக்கேல் ஸ்பென்ஸ், 2001-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால், எல்லோரும் கடன் வாங்கி அதே அடையாளத்தைச் சூடிக்கொண்டால், அது யாரையும் தனித்துக் காட்டாது. கடன் மட்டும் தனித்தனியே இருக்கும்.

அந்தக் கடனின் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ஐந்து லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதானால், மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். ஆண்டுக்கு 30 திருமணங்கள் கிடைப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு திருமணத்திலிருந்தும் சுமார் 6,600 ரூபாய் தவணைக்கே போய்விடும். இந்தக் கேமராவுக்காக வாடிக்கையாளர் அவ்வளவு கூடுதலாகத் தருவாரா என்பதே கேள்வி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. தவணைக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை.

இரண்டு ஏக்கர் நிலம் உள்ள விவசாயி அறுவடை இயந்திரத்தைச் சொந்தமாக வாங்குவதில்லை. அறுவடை நாளில் வாடகைக்கு அமர்த்திக்கொள்கிறார். உயர்தரக் கேமராக்களும் லென்ஸ்களும் இன்று நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆண்டில் நான்கைந்து பெரிய நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே தேவைப்படும் கருவியை ஆண்டு முழுவதும் சொந்தமாக வைத்திருக்க வேண்டியதில்லை. எத்தனை நாள் வாடகை சேர்ந்தால் தவணைத் தொகையை எட்டும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணிக்கையைத் தாண்டும்போது வாங்கலாம்.

அதுவரை பேசாமல் இருந்த தந்தை அப்போது ஒன்று சொன்னார். ஃபிலிம் காலத்தில் அவர் எந்தத் திருமணத்துக்கும் ஒரே கேமராவுடன் போனதில்லையாம். ஃபிலிம் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில், சாதாரணக் கேமராக்களே ஆனாலும் இரண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போவாராம். ஒரு வாரமாக நான் தேடியதை அவர் முப்பது ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறார். ஆர்1 ஒன்றின் விலைக்கு ஆர்6 மார்க் 2 கேமராக்கள் இரண்டு வாங்கி, லென்ஸுக்கும் மீதம் வைக்கலாம். எவ்வளவு விலை கொடுத்தாலும், கையில் இருப்பது ஒன்றே என்றால், அது பழுதாகும் நாளில் வெறுங்கைதான்.

இறுதியில், இடைநிலைக் கேமரா ஒன்று, ஒளி அதிகம் வாங்கும் லென்ஸ் ஒன்று, துணைக்குக் கடையில் ஏற்கெனவே இருக்கும் பழைய கேமரா என்று முடிவாயிற்று. கடன் தொகை பாதியாகக் குறைந்தது. ஜாமீன் கையெழுத்தைத் தயக்கமின்றி இட்டேன்.

தையல் இயந்திரம் முதல் டிராக்டர் வரை, கருவியை நம்பிப் பிழைக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கருவி எவ்வளவு உயர்ந்தது என்று கேட்பதற்கு முன், அது இல்லாததால் நாம் இழப்பது எவ்வளவு என்று கேட்க வேண்டும். அந்த இழப்பின் அளவே நாம் கொடுக்கத் தகுந்த விலையின் எல்லை.