நலம் கேட்டு வரும் நம் தெருச் சகோதரி



சென்ற ஆண்டு ஒரு நாள் பிற்பகல், அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அந்தச் சகோதரி வந்தார். தோளில் ஒரு பை. அதற்குள் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைகள், ஒரு பதிவேடு. அவர் மருத்துவரும் அல்ல, செவிலியரும் அல்ல. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சி பெற்ற சுகாதாரத் தன்னார்வலர். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

"என்னம்மா, போன மாசம் கொடுத்த மாத்திரை அப்படியே இருக்கு?" என்று என் மாமியாரிடம் கேட்டார்.

"தலைசுத்தல் நின்னுபோச்சும்மா. அப்புறம் எதுக்கு மாத்திரை?"

அளந்து பார்த்தால் 170/100. அவர் திட்டவில்லை. அருகில் அமர்ந்து, தம் தாயார் இப்படித்தான் மாத்திரையை நிறுத்தினார், ஒரு காலையில் பக்கவாதம் வந்து விழுந்தார் என்று சொன்னார். அன்று மாலையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அதே வீட்டில் இருந்தும் மாத்திரைகளை எண்ணிப் பார்த்ததில்லை. எங்கிருந்தோ வந்தவர் அல்ல, தெருவில் இருப்பவர்தான் பார்த்தார்.

இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் அதன் ஆபத்து. மாத்திரை சாப்பிடும்வரை அது அடங்கி இருக்கும்; நிறுத்தினால் மீண்டும் ஏறும். மூளை, இதயம், சிறுநீரகம் மூன்றையும் சத்தமில்லாமல் கெடுக்கும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே வேளையில் தட்டில் சேர்ந்தால் அந்த அளவை எளிதில் தாண்டிவிடுவோம்.

வீடு தேடி வரும் இந்தப் பணிக்குத் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற பெயரில் தொடக்கமிட்டது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது.

ஆனால், அக்கம்பக்கத்துப் பெண்ணையே நலப் பணியாளராக்கலாம் என்ற எண்ணம் அதற்கும் மூத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மேபெல் அரோலே என்ற மருத்துவத் தம்பதியர் 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் என்ற வறண்ட பகுதியில் பணி தொடங்கினார்கள். முதலில் வெளியூரிலிருந்து செவிலியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அது பலன் தரவில்லை. பிறகு அந்தந்தக் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்தார்கள். அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். ஆனாலும் எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தை இளைத்துப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவோடு மருத்துவ அறிவும் சேர்ந்தபோது குழந்தைகள் பிழைத்தார்கள். அரோலே தம்பதியருக்கு 1979-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

எங்கள் தெருச் சகோதரிக்கு வருவோம். பதிவேட்டை மூடியதும் அவர் கண் எங்கள் மொட்டைமாடித் தொட்டிகளுக்குப் போனது. ரோஜாத் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் நின்றது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும். முட்டை பொரிந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்தும் கழுவ வேண்டும் என்றார். ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும்.

தோட்டத்தை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவர் வீட்டு வாசலில் ஒரு முருங்கை நிற்கிறது. பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்காமல் வாழைக்குப் போகிறது. இரத்தசோகை உள்ள பெண்களிடம், இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாமல் கீரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் அது குறையும். மரத்தில் ஒடித்த ஒரு பிடி கீரையோடு அவர் சொல்லும்போது, அந்த அறிவுரை எளிதாகக் காதில் ஏறுகிறது.

2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஏரியைச் சுற்றி வீடுகள் பெருகின. பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாமல் பலர் வாழ்கிறோம். இந்த நிலையில் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுகிற ஒருவர் இருப்பது பெரிய கொடை.

அன்று அவர் கிளம்பும்போது என் மாமியார், "உனக்கு எவ்வளவும்மா இருக்கு? கடைசியா எப்போ பாத்தே?" என்று கேட்டார். அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம், வீட்டில் சோறு வடிக்க வேண்டும், இன்னும் நான்கு வீடு பாக்கி. மாமியார் விடவில்லை. அவரை உட்காரவைத்து, அவர் கருவியாலேயே அவருக்கு அளக்கச் செய்தோம். 150/96. அடுத்த நாள் இருவரும் சேர்ந்தே சுகாதார நிலையம் போனார்கள்.

அன்பியக் கூட்டங்களில் பிறர் தேவைகளுக்காக மன்றாடுகிறோம். அடுத்த கூட்டத்தில் நம் தெருவுக்கு வரும் நலப் பணியாளரையும் நினைத்துக்கொள்வோம். அவர் வரும்போது ஒரு நாற்காலியும் ஒரு குவளை தண்ணீரும் கொடுப்போம். நம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவோம். தொட்டித் தட்டைக் கழுவுவோம். எல்லாவற்றுக்கும் முன்பாக, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அவரிடமும் கேட்போம்.