எட்டு நொடியில் போய்விட்ட வாடிக்கையாளர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் மாமா கியர் கட்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ரெண்டு ஹாப்பிங் மெஷின், ஒரு லேத், நாலு ஆள். 1964-ல் தொடங்கிய எஸ்டேட் அது. இந்த மாதிரி ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தருக்கு மாசாமாசம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார் மாமா. மாசக் கடைசியில் ஒரு பிடிஎஃப் வரும். அதில் வருகையாளர் கோடு மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

"கோடு மேல போவுது, வேலை மட்டும் வரலியே. சைட்டையே மூடிடலாமா, என்னன்னு பாருப்பா" என்றார். மாசக் கட்டணம் அவருக்குச் சின்னத் தொகை இல்லை.

கூகுள் அனலிடிக்ஸைத் திறந்து உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது 'டைரக்ட்' என்ற வரிசை. முகவரியை நேராகத் தட்டி வந்தவர்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாதவர்கள் எல்லாரும் அதில்தான் விழுவார்கள். அது ஏன் தினமும் காலை ஒன்பது மணிக்கு எகிறுகிறது? பட்டறை ஆபீசில் பில் போடும் கம்ப்யூட்டரில் நம்ம சைட்தான் முகப்புப் பக்கம்! பிரவுசரைத் திறக்கும்போதெல்லாம் ஒரு 'வருகை'. நம்மையே நாம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். ஆபீஸ் இணைப்பின் ஐ.பி. எண்ணைக் கொடுத்து, உள் வருகை என்று வடிகட்டி விட்டேன்.

அடுத்து, அதிகம் படிக்கப்பட்ட பக்கம். கியரின் மாட்யூல் கண்டுபிடிப்பது எப்படி என்று மாமா சொல்லச் சொல்ல, நான் முன்பு எழுதிக் கொடுத்தது. வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு ரெண்டைக் கூட்டி வகுத்தால் மாட்யூல். 22 பல், 48 மி.மீ. என்றால் 2 மாட்யூல். ஸ்பர் கியருக்கு அவ்வளவுதான் கணக்கு. இதைப் படிக்க வந்தவர்களில் பாதிப்பேர் வெளிநாடு. பரீட்சைக்குப் படிக்கிற இன்ஜினீயரிங் பசங்களாக இருக்கும் என்பது என் ஊகம். ஏறிய கோடு அவர்களுடையது. பொய்க் கோடு இல்லை, ஆனால் அம்பத்தூருக்கு வந்து ஒரு கியர் வெட்டச் சொல்லப் போகிறவர்களும் இல்லை.

அப்போ வேலை கொடுக்கிறவர் எங்கே? இங்கேதான் எனக்கே சுருக்கென்றது.

பழைய அனலிடிக்ஸில், ஒரே பக்கம் பார்த்துவிட்டுப் போனவர் 'பவுன்ஸ்'. அவர் எவ்வளவு நேரம் படித்தாலும் கணக்கில் பூஜ்யம்தான். அது 2023 ஜூலையில் நின்றுபோய், இப்போது இருக்கும் ஜிஏ4-ல் விதி வேறு. ஒரு வருகை பத்து நொடிக்கு மேல் நீடிக்க வேண்டும், அல்லது ரெண்டு பக்கமாவது பார்க்க வேண்டும், அல்லது நாம் முக்கியம் என்று குறித்த ஒரு செயல் நடக்க வேண்டும். மூணில் ஒன்று நடந்தால் 'ஈடுபாடு உள்ள வருகை'.

இதை மாமாவின் ஆளுக்குப் பொருத்திப் பாருங்கள். எங்கேயோ ஒரு மெஷினில் கியர் பல் உடைந்து லைன் நிற்கிறது. சூப்பர்வைசர் மொபைலில் தேடுகிறார், சைட்டைத் திறக்கிறார், போன் நம்பரைப் பார்க்கிறார், எட்டு நொடியில் வெளியே. உடனே வேலை தரக்கூடியவர் இவர்தான். அறிக்கையில் இவர் தோல்வி. பாடம் படித்த மாணவர் வெற்றி.

அதைவிட மோசம், அந்த போன் நம்பர் பேனர் படத்துக்குள் இருந்தது. தட்டினால் அழைப்பு போகாது. மெஷின் சத்தத்துக்கு நடுவில் பத்து இலக்கத்தை மனசில் வைத்து யார் டயல் செய்வார்கள்?

நம்பரைத் தட்டினால் போன் போகிற மாதிரி மாற்றினேன். பக்கத்திலேயே 'உடைந்த கியர் போட்டோ அனுப்புங்க' என்று ஒரு வாட்ஸ்அப் பட்டன். ரெண்டையும் தட்டுவதைத் தனி நிகழ்வாகப் பதியவைத்து, 'கீ ஈவென்ட்' என்று குறித்தேன் (2024 வரை இதற்கு 'கன்வர்ஷன்' என்று பெயர், கூகுளுக்குப் பெயர் மாற்றுவது ஒரு பொழுதுபோக்கு). இனி எட்டு நொடிக்காரர் தட்டிவிட்டுப் போனால் அவரும் கணக்கில் வருவார்.

மாமாவுக்கு ஊர்வாரியாகப் பார்க்க ஆசை. "ஆவடி எத்தினி, பூந்தமல்லி எத்தினி?" ஐ.பி. எண்ணை வைத்துத்தான் ஊரை ஊகிக்கிறார்கள், மொபைல் டேட்டாவில் அது எங்கே வேண்டுமானாலும் சுற்றும். ஆவடி ஸ்டேஷனில் நின்று நானே சைட்டைத் திறந்து, உடனடி அறிக்கையைப் பார்த்தேன். வெறும் 'சென்னை' என்றது. அதனால் ஊர்க்கணக்கை விட்டுவிட்டு, சர்ச் கன்சோலில் தேடல் சொற்களைப் பார்த்தோம். அரிதான தேடல்களை அது மறைத்துவிடும் என்றாலும், ஆங்கில எழுத்தில் அம்பத்தூரை இத்தனை விதமாக எழுதலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

"நாலு தடவை வந்துட்டுப் போன ஆள் யாருன்னு காட்டுமா?" என்று கேட்டார். காட்டாது, மாமா. ஒரே ஆள் போனில் ஒரு தடவை, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு தடவை வந்தால் ரெண்டு பேர் என்று எண்ணும். பெயர் தெரியாது, தெரியவும் கூடாது. அதற்கு ஒரு நோட்டு போதும். போன் வந்தால் "நம்பர் எப்படி கெடச்சுது?" என்று கேட்டு, தேதி போட்டு எழுதச் சொன்னேன். டெலிவரி சலானில் அச்சிட்ட கியூஆருக்கு மட்டும் 'யூடிஎம்' வால் ஒட்டித் தனி அடையாளம் கொடுத்தேன். 2005-ல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற கம்பெனியின் பெயர்தான் அந்த 'யூ'.

புது கணக்கில் கோடு பாதியாக விழுந்துவிட்டது. மாமா முதலில் பயந்தார். மாசக் கட்டணத்தை நிறுத்தினார், சைட்டை மூடவில்லை. நோட்டில் 'நெட்' என்று எழுதிய வரிகள் சில சேர்ந்திருக்கின்றன. தட்டல் கணக்கோடு ஒப்பிட இன்னும் நாலைந்து மாசமாவது ஓடட்டும். மாட்யூல் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"பசங்க படிக்கறாங்க இல்ல, இருக்கட்டும்டா. ஹெலிக்கல் கியருக்கும் ஒண்ணு எழுது" என்றார்.