கல்லாப்பெட்டிக்கு முன் விழும் வார்த்தை

வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று பேசும் இப்பக்கத்தில் இம்முறை உயிரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2015ஆம் ஆண்டில் நாட்டில் ஒரு லட்சம் பேருக்குத் தற்கொலை 10.6 என்றால், நம் புதுவையில் 43.2. தேசியக் குற்றப் பதிவேட்டுத் துறையின் அந்த ஆண்டுக் கணக்கில் நாமே முதலிடம். 2022இல் புதுவையின் எண் 29.7 ஆகக் குறைந்தது. அப்போதும் அது நாட்டின் சராசரியான 12.4ஐப் போல் இரண்டு மடங்குக்கு மேல். இன்னொரு கணக்கும் உண்டு. கொரோனா ஆண்டான 2020இல் நாடு முழுவதும் உயிரை மாய்த்துக்கொண்ட தொழில், வியாபாரத்தினர் 11,716 பேர். அதே ஆண்டில் விவசாயத்தைச் சார்ந்தவர்கள் 10,677 பேர். விவசாயியின் துயரம் ஊருக்குத் தெரியும். கடைக்காரர் துயரம் ஷட்டருக்கு உள்ளேயே இருந்துவிடுகிறது.

இதை நாம் பேசும் விதமும் அப்படித்தான். ‘தீராத வயிற்று வலி’ என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! கடனும், குடும்பச் சண்டையும், மனச்சோர்வும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். முயன்று பிழைத்தவர் மேல் வழக்கு வரும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பயம் இனி வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. பழைய 309ஆவது பிரிவும் 2024 ஜூலை 1இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தோடு போய்விட்டது.

மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையோரம் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு, யார் வீட்டில் அரிசி மூட்டை அரை மூட்டையானது, யார் தண்டல்காரருக்குப் பயந்து சந்து வழியாகப் போகிறார் என்பதெல்லாம் உறவினருக்கு முன்பே தெரியும். பற்று நோட்டு அப்படிப்பட்டது. மனம் உடைந்தவர் ‘சாகப் போகிறேன்’ என்று நேராகச் சொல்வது குறைவு. “இனிமே என்ன இருக்கு அண்ணாச்சி”, “நான் போய்ச் சேந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி” என்று சில்லறையை வாங்கும்போது சொல்லிவிட்டுப் போவார். பல மாதப் பாக்கியைத் திடீரென்று தீர்த்து, “பிள்ளைங்களப் பாத்துக்குங்க” என்பார். பாக்கி வந்த மகிழ்ச்சியில் அந்த வார்த்தை நம் காதில் விழுவதில்லை.

விழுந்தாலும் என்ன சொல்கிறோம்? “ஆம்பளையா இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா?”, “உனக்கு என்னப்பா குறைச்சல்?” இதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவே மாட்டார். “சாகணும்னு தோணுதா?” என்று தனியாக அழைத்து நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது என்பது மருத்துவர்கள் சோதித்தறிந்த உண்மை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டாரையோ நண்பரையோ வரவழைக்க வேண்டும். அந்த வேகம் பல நேரம் சிறிது பொழுதில் தணிந்துவிடும். அதைக் கடத்துவதுதான் முக்கியம். கேட்கும் சரக்கும் கேட்பவர் முகமும் பொருந்தவில்லை என்றால் ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்லி உட்கார வைப்பதில் நமக்கு என்ன நட்டம்?

1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் இப்படிப்பட்டவர்களுக்காகத் தொலைபேசி வைத்து ஆலோசனை சொல்லத் தொடங்கினார். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தவர்கள் சாதாரணத் தொண்டர்கள். அவர்களிடம் பேசியதிலேயே பலர் மனம் இறங்கி, பாதிரியாரைப் பார்க்காமலேயே திரும்பினார்கள். இவ்வழியில் வந்ததுதான் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ‘சினேகா’. தேநீரும் பேச்சும் நம் கடைகளில் இல்லாத சரக்கா?

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. செக் திரும்பினால் கோபம் வரும். பாக்கியைக் கேட்கவும் வேண்டும். ஆனால் வாடிக்கையாளர்கள் நிற்கும்போது கடை வாசலில் நின்று ஒருவர் மானத்தை வாங்குவது வசூல் ஆகாது. தவணை பேசினால் பணமும் வரும், ஆளும் இருப்பார். ஏலச்சீட்டிலோ, கந்து வட்டியிலோ மாட்டிக்கொண்டு இதைப் படிப்பவர் நீங்களே என்றால், இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சங்கத் தோழரிடம் சொல்லத் தயக்கம் என்றால் முகம் தெரியாதவரிடம் சொல்லலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். சினேகாவின் எண் 044-24640050. நேரில் போக ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. லைன் வண்டிக்காரர், கேஸ் ஏஜென்சி எண்களைக் கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டியிருக்கிறோமே, அந்தத் தாளில் 14416க்கும் ஒரு வரி இடம் இருக்கும்.